விட்டு விட்டு எரியும் எல்இடி டார்ச்: கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

டார்ச் மினுக்க ஆரம்பித்ததும் பெரும்பாலானோர் புது செல் வாங்கிப் போடுகிறார்கள். அப்படியும் மினுக்கினால் "எல்இடி போயிடுச்சு" என்று முடிவுகட்டி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். உண்மையில் எல்இடி பழுதாகி மினுக்குவது அபூர்வம். உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளும் ஏதோ ஓர் இடத்தில் பிடிப்பு தளர்ந்திருக்கும், அல்லது அழுக்கோ களிம்போ ஏறியிருக்கும். அந்த இடம் எது என்பதை டார்ச்சைப் பிரிக்கும் முன்பே ஏறக்குறையச் சொல்லிவிடலாம். கையில் கிடைத்ததை எல்லாம் கழற்றிப் பார்ப்பதைவிட முதலில் இடத்தைக் குறுக்குவதுதான் சரியான வழி.

கீழே சொல்வது முதலில் 18650 என்ற அளவுள்ள (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம்) லித்தியம் செல் போடும் அலுமினிய டார்ச்சுக்கு. மூன்று ரிமோட் செல் போடுவது, சுவரில் நேராகச் செருகிச் சார்ஜ் ஏற்றுவது ஆகிய இரண்டு வகைகளும் கடைசியில் தனியாக வருகின்றன.

மின்சாரம் போகும் பாதை

செல்லின் பாசிட்டிவ் முனை, தலைப்பகுதியில் இருக்கும் டிரைவர் போர்டின் (எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிறு சர்க்யூட் பலகை) நடுப்புள்ளியை நேராகத் தொடுகிறது. அந்தப் பக்கம் சிக்கல் குறைவு. நெகடிவ் பக்கம்தான் சுற்றிப் போகிறது: செல்லின் தட்டையான முனை, பின் மூடி ஸ்பிரிங், சுவிட்ச், சுவிட்சை இறுக்கிப் பிடிக்கும் மரை வளையம், அலுமினியக் குழாய், தலைப்பகுதியின் மரை, கடைசியாக டிரைவர் போர்டின் ஓர வளையம். டார்ச்சின் உடம்பே ஒரு கம்பியாக வேலை செய்கிறது. இந்த இணைப்புகளில் ஒன்று தளர்ந்தாலும் வெளிச்சம் தடுமாறும்.

அந்த இணைப்பு முழுதாக அறுந்திருக்க வேண்டியதும் இல்லை. ஹை மோடில், அதாவது அதிக வெளிச்ச நிலையில், 3 ஆம்பியர் இழுக்கும் டார்ச்சில் ஏதோ ஓர் இடத்தில் 0.1 ஓம் தடை கூடினால் அங்கேயே 0.3 வோல்ட் போய்விடும். செல்லில் 3.7 வோல்ட் இருந்தாலும் டிரைவருக்கு 3.4 தான் கிடைக்கும். வெள்ளை எல்இடி நல்ல வெளிச்சம் தர ஏறக்குறைய 3 முதல் 3.4 வோல்ட் வேண்டும் என்பதால் டிரைவர் தத்தளிக்கிறது. லோ மோடில் அசையாமல் எரியும் டார்ச் ஹையில் மட்டும் மினுக்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

முதலில் மினுக்கும் விதத்தைப் பாருங்கள்

டார்ச்சை ஹையில் எரியவிட்டு உள்ளங்கையில் லேசாகத் தட்டுங்கள். பிறகு பின் மூடியை மட்டும், அடுத்து தலையை மட்டும் பிடித்து அசையுங்கள். எந்த இடத்தை அசைத்தால் மினுக்குகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

இதைவிடத் துல்லியமான அடையாளம் ஒன்று உண்டு. பின்பக்க சுவிட்சை அரைகுறையாக அழுத்தி மோடு மாற்றும் டார்ச்சுகளில், ஒரு கணம் மின்சாரம் தடைபட்டு மீண்டும் வந்தால் "அடுத்த மோடுக்குப் போ" என்று டிரைவர் எடுத்துக்கொள்கிறது. ஆகவே தட்டும்போது ஹையிலிருந்து லோவுக்கோ, பட்பட்டென்று அடிக்கும் ஸ்ட்ரோபுக்கோ தானாகத் தாவினால், தடை டிரைவருக்கு முன்னால் இருக்கிறது. அதாவது செல், ஸ்பிரிங், சுவிட்ச், மரை, டிரைவரின் ஓர இணைப்பு ஆகியவற்றில் ஒன்று. மோடு மாறாமல் அதே ஹையிலேயே அணைந்து அணைந்து எரிந்தால், தடை டிரைவருக்குப் பின்னால், எல்இடிக்குப் போகும் இரண்டு வயர்களின் ஈயப் பற்றில் (சால்டரிங் செய்த இணைப்பில்) இருக்க வாய்ப்பு அதிகம். இந்த ஒரு கவனிப்பு பாதி வேலையை மிச்சப்படுத்தும். பக்கவாட்டில் மின்னணுப் பட்டன் உள்ள மாடல்களில் மட்டும் இது செல்லாது. அவை தொடர்பு அறுந்தால் பெரும்பாலும் முழுதாக அணைந்துவிடும்.

ஒரே தாளத்தில், சீரான இடைவெளியில் சிமிட்டினால் அது கோளாறே இல்லை. பல டிரைவர்கள் செல் தீரப்போவதை இப்படித்தான் தெரிவிக்கின்றன. சார்ஜ் ஏற்றிப் பாருங்கள்.

கண்ணுக்குச் சீராகத் தெரிந்து, செல்போன் கேமராவில் மட்டும் கோடு கோடாக ஓடினாலும் பழுது என்று நினைக்க வேண்டாம். வெளிச்சத்தைக் குறைக்க டிரைவர் எல்இடியை வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுகிறது. அந்த டிரைவரின் அமைப்பே அப்படி; டிரைவரை மாற்றினால் ஒழிய மாறாது.

எரியத் தொடங்கி சில நிமிடங்கள் கழித்து, உடம்பு சூடான பிறகு மட்டும் மினுக்கி, ஆறியதும் சரியானால் தலைப்பகுதியைச் சந்தேகியுங்கள். சூட்டில் உலோகம் விரியும்போது, விரிசல் கண்ட ஈயப் பற்று விலகுகிறது.

தேவையானவை

மல்டிமீட்டர், ஓரடி நீளத்துக்கு 1 சதுர மி.மீ. செம்பு வயர், கூர்மூக்குக் குறடு, பழைய டூத் பிரஷ், பஞ்சு பட்ஸ், பென்சில் அழிப்பான், 1000 நம்பர் உப்புத்தாள், 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். செல்போன் பழுதுபார்க்கும் சாமான் விற்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும். மரைக்குத் தடவ சிலிகான் கிரீஸ். தலைப்பகுதி வரை போக வேண்டியிருந்தால் 40 வாட்டுக்குக் குறையாத சால்டரிங் அயர்ன்.

படி 1: செல்லைச் சோதியுங்கள்

செல்லை வெளியே எடுத்து முதலில் கண்ணால் பாருங்கள். உறை கிழிந்திருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா, இனிப்பான ஒரு கரைப்பான் வாடை வருகிறதா? எது இருந்தாலும் அந்த செல்லை மீண்டும் போடாதீர்கள். பாசிட்டிவ் முனையைச் சுற்றியுள்ள விளிம்பு நெகடிவ்தான் என்பதை மறக்க வேண்டாம். அங்கே உறை கிழிந்தால் ஷார்ட் ஆக ஒரு சிறு உலோகத் துண்டே போதும்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து அளவெடுங்கள். முழு சார்ஜில் 4.2, நடுவாந்திரத்தில் 3.7 அளவில் இருக்கும். 3.2-க்குக் கீழ் என்றால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். 2 வோல்ட்டுக்கும் கீழே போய்க் கிடந்த செல்லை உயிர்ப்பிக்க முயலாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு.

சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட் அளவு மட்டும் போதாது. வயதான செல் 4.1 காட்டிவிட்டு, வேலை கொடுத்ததும் சரிந்துவிடும். ரெசிஸ்டரின் இரண்டு கால்களையும் செல்லின் இரு முனைகளில் ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். வெறுங்கையால் வேண்டாம், ரெசிஸ்டர் சுடும். மீட்டர் முனைகளை ரெசிஸ்டர் காலில் வைக்காமல் செல்லின் முனையிலேயே வைத்து அளவு பாருங்கள். காலில் வைத்தால், கால் செல்லைத் தொடும் இடத்தின் தடையையும் சேர்த்துக் காட்டிவிடும். நல்ல செல் 0.02 முதல் 0.04 வோல்ட் வரை இறங்கும். 0.1 வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் அதன் உள்தடை கால் ஓம் அளவுக்கு ஏறிவிட்டது. 2 ஆம்பியர் இழுக்கும்போது அரை வோல்ட் உள்ளேயே தொலையும். அந்த செல் ஹை மோடுக்கு உதவாது.

மீட்டரை ஆம்பியரில் வைத்துக்கொண்டு லித்தியம் செல்லின் இரு முனைகளையும் தொடவே கூடாது. அது நேரடி ஷார்ட்.

செல்லின் நீளத்தையும் பாருங்கள். தட்டை முனை உள்ள சாதாரண 18650 செல் 65 மி.மீ.; குமிழ் முனையும் பாதுகாப்புச் சுற்றும் உள்ளவை 68 முதல் 70 மி.மீ. வரை போகும். நீளமான செல்லுக்காகச் செய்த டார்ச்சில் குட்டையானதைப் போட்டால், குலுக்கும்போதெல்லாம் தொடர்பு விடும். இடைவெளியை நிரப்ப சிறு காந்தத்தை வைப்பவர்கள் உண்டு. வேண்டாம்: காந்தம் நழுவி, பாசிட்டிவ் முனையைச் சுற்றியுள்ள நெகடிவ் விளிம்பைத் தொட்டால் செல் தீப்பிடிக்கக்கூடும். குமிழ் முனை செல்லை வாங்குங்கள். கொள்ளளவு 9900 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) என்று உறையில் அச்சடித்து விற்பவற்றை நம்ப வேண்டாம். 18650 அளவுக்குள் அவ்வளவு கொள்ளவே கொள்ளாது. நல்ல தயாரிப்புகள் பெரும்பாலும் 2000-க்கும் 3600-க்கும் இடையில் இருக்கும்.

படி 2: பின் மூடி இல்லாமல் எரியவைத்துப் பாருங்கள்

மொத்த வேலையிலும் மிக முக்கியமான சோதனை இது. பின் மூடியை முழுதாகக் கழற்றுங்கள். செல் உள்ளேயே இருக்கட்டும். வெளியே தெரிவது தட்டையான நெகடிவ் முனைதானா என்று உறுதிசெய்யுங்கள். பாசிட்டிவ் முனை தெரிந்தால் இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். பின் மூடியில் மின்னணுச் சுவிட்ச் உள்ள, குழாய்க்குள் இன்னொரு மெல்லிய குழாய் உள்ள மாடல்களுக்கும் இது பொருந்தாது.

செம்பு வயரின் இரு முனைகளிலும் ஒரு செ.மீ. அளவுக்கு உறையை நீக்குங்கள். ஒரு முனையைச் செல்லின் நெகடிவ் முகத்தில் அழுத்தி, மறுமுனையைக் குழாயின் வெட்டுமுகத்தில், வண்ணப்பூச்சு இல்லாமல் வெள்ளி நிறத்தில் மின்னும் இடத்தில் வையுங்கள். டார்ச் எரியும். வயரை அசைக்காமல் பிடித்துக்கொண்டு தலையை லேசாகத் தட்டுங்கள்.

இப்போது சீராக எரிந்தால் செல், தலை, டிரைவர், எல்இடி எல்லாமே நன்றாக இருக்கின்றன. கோளாறு பின் மூடியில். இப்போதும் மினுக்கினால் பின் மூடியில் நேரம் செலவழிக்காமல் நேராகப் படி 5-க்குப் போங்கள்.

வயருக்குப் பதில் மல்டிமீட்டரையே வைத்தால் எண்ணும் கிடைக்கும். சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையில் செருகி அதே இரண்டு இடங்களையும் தொடுங்கள். எண் நிலையாக நின்றால் நல்லது, 1.2, 0.4, 0.9 என்று துள்ளினால் தலைப்பக்கத்தில் தளர்ச்சி. வேலை முடிந்த உடனே சிவப்பு முனையை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாமல் அடுத்த செல்லை அளக்கப் போனால் முன்பு சொன்ன ஷார்ட் அப்படியே நடக்கும்.

படி 3: மரையும் வெட்டுமுகமும்

அலுமினியத்தின் மேல் உள்ள கறுப்புப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் குழாயின் விளிம்பில் ஒரு வட்டத்தைப் பூச்சில்லாமல் விட்டிருக்கிறார்கள். மூடியைத் திறந்து மூடும்போது தேயும் அலுமினியப் பொடி பழைய கிரீஸோடு கலந்து கறுப்புக் குழம்பாகி அந்த வட்டத்தில் படிகிறது. வெள்ளைத் துணியில் துடைத்தால் கறுப்பாக வந்தால் இதுவே முதல் சந்தேகம்.

பிரஷ்ஷில் ஐபிஏ நனைத்து இரண்டு பக்க மரைகளையும் தேயுங்கள். துணியில் கறை வருவது நிற்கும்வரை துடையுங்கள். குழாயின் வெட்டுமுகம் மங்கியிருந்தால் அழிப்பானால் தேயுங்கள். அதற்கும் மசியாவிட்டால் உப்புத்தாளைத் தட்டையான பலகையில் வைத்து, குழாயை அதன்மேல் நேராக நிறுத்தி நாலைந்து சுற்று சுற்றுங்கள். தங்கநிறப் பூச்சோ நிக்கல் பூச்சோ உள்ள ஸ்பிரிங், நடுப்புள்ளி ஆகியவற்றில் உப்புத்தாள் படவே கூடாது. பூச்சு போனால் துரு இன்னும் சீக்கிரம் ஏறும். ஸ்டீல் நாரும் வேண்டாம், அதன் இழைகள் உதிர்ந்து உள்ளே ஷார்ட் செய்யும்.

செல் கசிந்து பொடி பூத்திருந்தால், எந்த செல் என்று பார்த்து மருந்து போட வேண்டும். ஆல்கலைன் செல்லின் கசிவு காரம். வினிகர் தொட்ட பட்ஸால் துடைத்தால் நுரைத்துக் கரையும். மலிவான கார்பன் செல்லின் கசிவு அமிலம். அதற்குத் தண்ணீரில் கரைத்த சமையல் சோடா. எதுவானாலும் பிறகு ஈரத்துணி, அதன்பின் ஐபிஏ. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

காய்ந்ததும் மரையிலும் ஓ-ரிங்கிலும் (நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒரு அரிசி அளவு சிலிகான் கிரீஸ் போதும். வெட்டுமுகத்தில் தடவாதீர்கள். கைக்குக் கிடைக்கிறது என்று வாசலின் தடவுவது வழக்கம். சிலவகை ரப்பர்கள் அதில் ஊறி உப்பிவிடும்.

படி 4: மரை வளையம், ஸ்பிரிங், சுவிட்ச்

பின் மூடிக்குள் பார்த்தால் ஸ்பிரிங்கைச் சுற்றி இரண்டு சிறு பள்ளங்களோடு ஒரு வளையம் தெரியும். அலுமினிய டார்ச்சில் மினுக்கலுக்கு முதல் குற்றவாளி இந்த வளையம்தான். சுவிட்சை அழுத்த அழுத்த மெல்ல மெல்லத் தளர்கிறது. குறட்டின் இரு முனைகளையும் பள்ளங்களில் வைத்து வலப்பக்கமாகத் திருகி இறுக்குங்கள். பல டார்ச்சுகள் இந்த அரைச் சுற்றிலேயே சரியாகிவிடும். அதனால் வேறு எதையும் பிரிக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

சரியாகவில்லை என்றால் வளையத்தை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். சுவிட்ச் போர்டு, இடைவெளி வளையம், ரப்பர் தொப்பி என்று வரிசையாக வெளியே வரும். கழற்றும்போதே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடைவெளி வளையத்தைத் தலைகீழாகப் போட்டால் சுவிட்ச் பிறகு அழுந்தாது.

ஸ்பிரிங் குழாயின் விளிம்புக்குச் சற்று உள்ளே அமுங்கியே நின்றால் பிடிப்பு போதாது. மெதுவாக இரண்டு மூன்று மி.மீ. இழுத்துவிடுங்கள். இழுத்தும் சில நாளில் மீண்டும் அமுங்கினால், அதிக மின்சாரம் ஓடி, சூட்டில் விறைப்பை இழந்துவிட்டது என்று பொருள், மாற்றத்தான் வேண்டும். 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் டார்ச்சுக்கு ஸ்பிரிங்கின் அடியிலிருந்து நுனிவரை ஒரு மெல்லிய, வளையக்கூடிய பல இழை செம்பு வயரை ஈயம் வைத்து இணைத்துவிடுவது நல்ல பழக்கம். மின்சாரம் வயரில் போகும், ஸ்பிரிங் அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும். வயர் சற்றுத் தளர்வாக இருக்கட்டும், ஸ்பிரிங் அமுங்கும்போது இழுபடக் கூடாது.

சுவிட்சைச் சோதிக்க, மீட்டரைப் பீப் ஒலியில் வைத்து இரு கால்களையும் தொட்டு, இருபது முறை போட்டு அணையுங்கள். ஒலி கரகரத்தாலோ விட்டு விட்டு வந்தாலோ உள் தொடர்பு கருகியிருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு முப்பது முறை அழுத்தினால் சில நாள் ஓடும். நிலையான தீர்வு மாற்றுவதுதான். பழைய சுவிட்சைக் கடைக்கு எடுத்துப் போங்கள், ஒரு மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் மூடிக்குள் உட்காராது. பற்றவைக்கும்போது ஒவ்வொரு காலிலும் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் அயர்னை வைக்காதீர்கள். உள்ளிருக்கும் பிளாஸ்டிக் இளகி, புது சுவிட்சும் அன்றே மினுக்கும்.

படி 5: தலைப்பகுதி

முதலில் தலையைக் குழாயோடு கையால் நன்கு இறுக்குங்கள். பிறகு கண்ணாடியைப் பிடித்திருக்கும் முன்வளையத்தைக் கழற்றுங்கள். வழுக்கினால் ரப்பர் கையுறை உதவும். கண்ணாடி, பிரதிபலிப்பான், அதன் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் வட்டு, அதன் கீழே எல்இடி என்று வரும். எல்இடியின் மஞ்சள் பரப்பைத் தொடாதீர்கள். மேலிருக்கும் சிலிகான் மென்மையானது.

அந்தப் பிளாஸ்டிக் வட்டை உற்றுப் பாருங்கள். அது நசுங்கியோ விலகியோ இருந்தால், உலோகப் பிரதிபலிப்பான் எல்இடியின் ஈயப் பற்றைத் தொட்டு ஷார்ட் ஆகும். முன்வளையத்தை இறுக்கினால் மினுக்கி, தளர்த்தினால் சரியாகும் டார்ச்சில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடுத்து, டார்ச்சை லோ மோடில் எரியவிட்டு, கண்ணைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, பல்குத்தும் குச்சியால் இரண்டு வயர்களையும் ஒவ்வொன்றாக லேசாகத் தள்ளுங்கள். எந்த வயரைத் தள்ளும்போது வெளிச்சம் ஆடுகிறதோ அதன் பற்று விட்டிருக்கிறது. செல்லைக் கழற்றிவிட்டு, பிளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) தடவி, 350 டிகிரி செல்சியஸ் அளவில் மீண்டும் பற்றவையுங்கள். எல்இடி உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தகடு சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் 25 வாட் அயர்ன் அங்கே திணறும்; ஈயம் உருண்டையாக நின்றால் பற்றவில்லை, பரவிப் பளபளத்தால்தான் பற்றியது. தகடு ஆடினால் அடியில் தெர்மல் பேஸ்ட் தடவி அழுத்துங்கள்.

டிரைவர் போர்டு அடிப்பக்கம் தெரியும். அதன் ஓர வளையம் பித்தளைக் கிண்ணத்தோடு இரண்டு இடங்களில் மட்டும் ஈயத்தால் ஒட்டியிருக்கும், மலிவான டார்ச்சில் அதுவும் விரிசல் விட்டிருக்கும். நான்கு இடங்களில் புதிதாகப் பற்றவைத்துவிடுங்கள். கிண்ணம் அலுமினியம் என்றால் சாதாரண ஈயம் ஒட்டாது; டிரைவரைப் பிடிக்கும் மரை வளையத்தைச் சுத்தம் செய்து இறுக்குவதே வழி.

இத்தனைக்கும் பிறகு மினுக்கினால் டிரைவரா எல்இடியா என்று பிரிக்க வேண்டும். எல்இடியின் ஒரு வயரை விடுவித்து, மீட்டரை டயோடு நிலையில் வைத்துத் தொட்டால் மங்கலாக ஒளிரும். 6 அல்லது 12 வோல்ட் எல்இடி என்றால் ஒளிராது, அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். மங்கல் ஒளி ஆடாமல் நின்றால் டிரைவரை மாற்றுங்கள். 17 மி.மீ. விட்டம் பரவலாகக் கிடைக்கும் அளவு. வாங்கும் முன் அளந்து பாருங்கள்.

மூன்று ரிமோட் செல் போடும் டார்ச்

இதில் செல் கூடுதான் பலவீனம். மூன்று செல்லையும் தனித்தனியே அளந்து பாருங்கள். புது ஆல்கலைன் 1.5-க்குச் சற்று மேலே காட்டும். ஒன்று மட்டும் 0.2 வோல்ட் பின்தங்கியிருந்தால் அது மற்ற இரண்டையும் இழுத்துப் பிடிக்கும். மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கூட்டின் ஸ்பிரிங், தகடு, இரு முனைகளின் குமிழ்கள் ஆகியவற்றை ஐபிஏவால் துடைத்து, தகட்டைச் சற்று வெளியே வளையுங்கள். ஸ்பிரிங் உட்காரும் பிளாஸ்டிக் இளகியிருந்தால் கூட்டையே மாற்றுங்கள். ஒன்பது சிறு எல்இடி உள்ள டார்ச்சில் ஒன்று மட்டும் மினுக்கினால், அந்த ஒன்றின் கால் பற்றைத் திரும்பச் சூடாக்கினால் போதும்.

சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றும் டார்ச்

இரண்டு பின் நீட்டிக்கொண்டிருக்கும் இந்த வகையை எக்காரணம் கொண்டும் செருகிய நிலையில் திறக்காதீர்கள். பலவற்றில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. 1 மைக்ரோபாரட் அளவுள்ள ஒரு கெபாசிட்டரும் நான்கு டயோடும்தான். 230 வோல்ட்டோடு உள்ளே இருக்கும் ஒவ்வொரு கம்பியும் நேரடித் தொடர்பில் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கலாம். ஒரு நிமிடம் விட்டுத் திறந்து, அதன் கால்களைத் தொடாமல் வேலை செய்யுங்கள்.

இதில் மினுக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி. மாதக்கணக்கில் சார்ஜ் ஏற்றாமல் வைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து உள்தடை ஏறிவிடும். வெறுமனே அளந்தால் 4 வோல்ட் காட்டும், சுவிட்சைப் போட்டதும் 3-க்குக் கீழே விழும். அப்படி விழுந்தால் மாற்றுவது தவிர வேறு வழியில்லை. சிவப்பு, கறுப்பு வயர்களின் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதே அளவுள்ள 4 வோல்ட் பேட்டரியைப் பற்றவையுங்கள். பேட்டரியின் வோல்ட் விழாமலே மினுக்கினால் நகரும் சுவிட்சில் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை தள்ளிப் பாருங்கள்.

புது பேட்டரி போட்டபின் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது, பயன்படுத்தாவிட்டாலும், சார்ஜ் ஏற்றுங்கள். சார்ஜில் இருக்கும்போது விளக்கைப் போடாதீர்கள். பேட்டரி பலவீனமாக இருந்தால் சார்ஜ் வோல்ட்டேஜ் கட்டுப்பாடின்றி ஏறி, எல்இடியைக் கருக்கிவிடக்கூடும்.